முதுமைக்கு ஓர் இடம்: சிங்கப்பூரில் மூத்தோர் குடியிருப்பின் வரலாறும் தடைகளும்



மொழியியல் படித்தவன் வீடமைப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களுள் சிலர் எண்ணலாம். காரணம் இரண்டு. மூத்தோர் எங்கே வாழ்வது என்னும் வினாவுக்குக் கடந்த நூறாண்டுகளில் நம் சமுதாயம் அளித்த விடைகள் சட்டங்களிலும் கட்டடங்களிலும் பதிந்திருப்பதைப் போலவே, நம் பேச்சில் வழங்கும் சில வாக்கியங்களிலும் பதிந்துள்ளன. வாக்கியங்களை ஆராய்வது என் தொழில். மற்றொரு காரணம் என் குடும்பத்தைச் சார்ந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். இன்று ஒருவரை நேரில் 'கிழவன்' என்றோ 'கிழவி' என்றோ அழைத்தால் அது வசை. பழந்தமிழில் கிழவன் என்றால் உரிமையுடையவன். தொல்காப்பியம் அகத்திணைத் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும் குறிக்கிறது. கோவூர் கிழார் என்னும் சங்கப் புலவர் பெயரில் உள்ள 'கிழார்' உரிமையுடையவர் எனப் பொருள்படும். கிழமை என்பது உரிமை. ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமைப் பொருள் என்றே இலக்கணிகள் அழைத்தனர். அதனைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என இரண்டாகவும் பகுத்தனர். 'என் கை' என்பதில் கை என்னிடமிருந்து பிரிக்க இயலாதது. ஆதலின் அது தற்கிழமை. 'என் வீடு' என்பதில் வீடு என்னின் வேறானது. ஆதலின் அது பிறிதின் கிழமை.

உரியவரைக் குறித்த சொல் காலப்போக்கில் வயதானவரைக் குறித்து, பிறகு இழிவழக்காகவும் ஆயிற்று. நான் இன்று சொல்லவிருக்கும் வரலாறும் ஏறத்தாழ இதுவே. மூத்தோருக்கான குடியிருப்புகள் எழுவதற்கு நிலமும் பணமும் தடையாக இருந்தது உண்மை. ஆனால் அவற்றுக்கு முன்பே நின்ற தடை ஒன்று உண்டு. முதியவரும் இவ்விடத்துக்கு உரியவர் என்று ஒப்புக்கொள்வதை ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டது. அந்தக் காரணங்களை மக்கள் வாயில் வழங்கிய வாக்கியங்களாகவே உங்கள்முன் வைக்கிறேன்.

'ஊருக்குப் போய்விடுவார்கள்'

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி வந்த தென்னிந்தியத் தொழிலாளர்க்கு உறைவிடம் வேலையோடு ஒட்டியதாக இருந்தது. தோட்டத்தில் லயம், துறைமுகத்திலும் ரயில்வேயிலும் நகராட்சியிலும் வரிசை வீடுகள். வேலை உள்ளவரை வீடு உண்டு; வேலை போனால் வீடும் போகும். அவ்வீடுகளில் முதுமைக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. உழைக்கும் வயதில் வருபவர், உழைப்பு ஓய்ந்ததும் பிறந்த ஊருக்குத் திரும்பிவிடுவார் என்பது அரசின் கணக்கு. முதலாளிகளின் கணக்கும் அதுவே. வந்தவர்களுள் பலரும் அவ்வாறுதான் எண்ணினர்.

அந்தக் கணக்கு சட்ட வடிவமும் பெற்றது. 1907-இல் தமிழர் குடிவரவு நிதி நிறுவப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளிடம் தீர்வை தண்டி, புதியவர்களை அழைத்துவரும் கப்பற் செலவுக்கு அந்நிதி பயன்படுத்தப்பட்டது. நாளடைவில், நோயாலும் முதுமையாலும் உழைக்க இயலாதவரைத் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தே எடுக்கப்பட்டது. அக்கால ஆவணங்கள் அவர்களை 'டெக்ரெபிட்' என்னும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கின்றன. இடிந்துவிழும் நிலையிலுள்ள கட்டடத்துக்கும் தளர்ந்துபோன மனிதருக்கும் ஆங்கிலத்தில் பொதுவாக வழங்கும் சொல் அது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர்.

1938-இல் இந்திய அரசு, பயணச் செலவு பெற்றுக் கூலி வேலைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்தது. பிறகு போர் வந்தது. இங்கேயே பிள்ளை பெற்று இங்கேயே தலை நரைத்தவர்களுக்கு 'ஊர்' என்னும் சொல்லின் பொருள் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டை வேலையோடு பிணைத்த ஏற்பாடு மாறவில்லை. பிரிட்டன் தன் படைகளைச் சிங்கப்பூரிலிருந்து மீட்டுக்கொள்வதை 1968 ஜனவரியில் விரைவுபடுத்தி அறிவித்து, 1971-இல் பெரும்பாலும் வெளியேறியது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த இந்தியத் தொழிலாளர் பலருக்கு அப்போது வேலையும் குடியிருப்பும் சேர்ந்தே போயின. குடியுரிமை பெறாதவர்களுள் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கப்பலேறினர்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பாலும் இதே சிக்கல். தோட்டத் தொழிலாளி ஓய்வுபெற்றால் லயத்து வீட்டைத் திருப்பித் தர வேண்டும். வீட்டைக் காப்பாற்ற மகனோ மகளோ அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போக வேண்டியிருந்தது. முதியவரின் கூரைக்காகப் பிள்ளையின் படிப்பு நின்ற குடும்பங்கள் பல. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குத் தொகை திரட்டித் தோட்டங்களை வாங்க முற்பட்டதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். உழைத்த மண்ணில் உழைத்தவர்க்கு ஒரு கிழமை வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்பொருள்.

சீனத் தொழிலாளர் நிலையும் வேறன்று. சைனாடவுனின் கடைவீடுகளில் ஓர் அறையைத் தடுப்புகளால் கூறுபோட்டுப் பலர் தங்கினர். அங்கே நோயுற்றுச் சாகக் கிடப்பதற்கு இடமும் இல்லை. உடன் தங்குவோர் அதை ஒப்பவும் இல்லை. ஆகவே இறுதி நாள்கள் நெருங்கியவர்கள் சாகோ லேனில் இருந்த 'மரண வீடு'களுக்கு அனுப்பப்பட்டனர். 1961-இல் அரசு அவற்றைத் தடைசெய்தது. நகரின் நெரிசலில் முதியவர்க்கு எனத் தானாகவே தோன்றிய இடம், சாவதற்கான இடமாக இருந்தது. முதியோர் இல்லம் என்றதும் பலர் மனத்தில் எழும் அச்சத்துக்கு இந்த நினைவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இடைவெளியை நிரப்ப முயன்றவர்கள் இருந்தனர். ஏழைகளின் சிறு சகோதரிகள் என்னும் கத்தோலிக்கத் துறவியர் 1935-இல் இங்கு வந்து முதியோரைப் பேணத் தொடங்கினர். போருக்குப்பின் 1946-இல் சமூக நலத்துறை உருவானது. 1948-இல் தோன்றிய ஸ்ரீ நாராயண மிஷன், 1979-இல் நோயுற்ற முதியோருக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கி எல்லா இனத்தவரையும் ஏற்றது. எனினும் இவையெல்லாம் ஆதரவற்றோருக்கான அறப்பணிகளாகவே கருதப்பட்டன. 'முதியோர் இல்லம்' என்னும் தொடர் 'அநாதை இல்லம்' என்னும் தொடரின் நிழலிலேயே வளர்ந்தது.

'பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்'

1955-இல் மத்திய சேமநிதியும் 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் அமைந்தன. 1968 முதல் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீவக வீடு வாங்க வழி பிறந்தது. கம்பத்திலும் கடைவீட்டிலும் வாழ்ந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் வீட்டுக்கு உரியவர்களாயினர். உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத சாதனை அது.

ஆனால் அந்த வீடு யாருக்காக வரையப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற இளங்குடும்பத்துக்காக. அக்கால அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்கவில்லை. இடைத்தளத்தில் இருந்தவர்கள் ஒன்றிரண்டு மாடி ஏறியோ இறங்கியோ வீட்டை அடைந்தனர். முப்பது வயதில் அந்தப் படிகள் ஒரு பொருட்டல்ல. எழுபது வயதில் அவையே சிறைக்கதவு. 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகே அக்குறை படிப்படியாக நீங்கியது. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் அமைத்துத் தரும் திட்டம் 2012-இல் வந்தது.

வீடு வாங்கக் குடும்பம் வேண்டும் என்பது விதி. மணமாகாத ஒருவர் தம் பெயரில் மட்டும் மறுவிற்பனை வீடு வாங்க 1991-இல்தான், அதுவும் 35 வயதுக்குமேல், வழி ஏற்பட்டது. பிள்ளையில்லாத ஏழை முதியவர்களுக்கு எஞ்சியது ஓரறை வாடகை வீடு. அதையும் முன்பின் அறியாத மற்றொருவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

1984-இல் அன்றைய சுகாதார அமைச்சர் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு, முதியோர் பிரச்சினைகள் குறித்து ஓர் அறிக்கை அளித்தது. நாடு மூப்படையப்போவதை அது முன்கூட்டியே கண்டது. ஆயினும் பொதுமக்கள் நினைவில் நின்றது ஒரே பரிந்துரைதான்: சேமநிதியை மீட்டுக்கொள்ளும் வயதை 55-இலிருந்து உயர்த்த வேண்டும் என்பது. எழுந்த எதிர்ப்பு பெரிது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் ஏறத்தாழ 78 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. முதுமை குறித்துப் பேசுவது அரசியலில் சுடும் பொருளாயிற்று.

அந்த ஆண்டுகளின் கொள்கை குடும்பத்தையே முதல் அரணாகக் கொண்டது. பெற்றோரும் மணமான பிள்ளைகளும் சேர்ந்து விண்ணப்பித்தால் வீட்டுக்கு முன்னுரிமை தரும் திட்டம் 1982-இல் வந்தது. பேராசிரியர் வால்டர் வூன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995-இல் நிறைவேறியது. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையைச் சட்டமாக எழுத நேர்ந்தபோதே அந்நம்பிக்கை தளர்ந்துவிட்டது எனலாம். பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 1970-களுக்குப் பிறகு குடும்பத்தில் பிள்ளைகள் ஒருவர் இருவராகக் குறைந்தனர், பெண்கள் வேலைக்குச் சென்றனர், ஆயுள் நீண்டது. முன்பு ஐவர் பகிர்ந்த சுமையை ஒருவர் சுமக்கும் நிலை வந்தது. அன்பு குறையாமலே ஆள் குறையலாம்.

இந்தக் கொள்கையால் ஒரு கட்டட வகையே நெடுங்காலம் தோன்றாமற் போயிற்று. ஒருபுறம் சொந்த வீடு. மறுபுறம் தாதிமை இல்லம். குளிக்கவும் மருந்து எடுக்கவும் சிறு துணை மட்டும் வேண்டும், மற்றபடி தம் கதவைத் தாமே பூட்டித் திறக்க வல்லவர் என்ற நிலையில் உள்ளவர்க்கு இடைப்பட்ட இடம் இல்லை.

'வேறெங்காவது கட்டுங்கள்'

1990-களின் இறுதியில் வீவக, மூத்தோருக்கான ஸ்டூடியோ வீடுகளை அறிமுகப்படுத்தியது. 30 ஆண்டுக் குத்தகை, கைப்பிடிகள், ஆபத்தில் இழுக்க ஒரு கயிறு. நல்ல தொடக்கம் அது. ஆனால் இத்தகைய வீடுகளும் நிலையங்களும் பழைய குடியிருப்புப் பேட்டைகளுக்குள் வர முயன்றபோது புதிய தடை முளைத்தது.

2012-இல் மூன்று இடங்களில் அது வெளிப்படையாகவே தெரிந்தது. தோ யீ டிரைவில் ஸ்டூடியோ வீடுகள், உட்லண்ட்ஸில் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மூத்தோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம், பீஷானில் ஒரு தாதிமை இல்லம் ஆகியவற்றை அங்கங்கே குடியிருந்தோர் சிலர் எதிர்த்தனர். விளையாடும் இடம் போகும், காற்றோட்டம் தடைப்படும், வீட்டு விலை இறங்கும் என்பன அவர்கள் கூறிய காரணங்களுள் சில. முதியவர்களுக்கு வசதி வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. வேண்டும், ஆனால் இங்கே வேண்டாம் என்றனர்.

அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். தம் சேமிப்பு முழுவதும் வீட்டில் இருக்கும்போது அதன் விலை குறித்து அஞ்சுவது இயல்பு. வீட்டுடைமையின் வெற்றியே இந்தத் தடையையும் ஈன்றது: ஒருவருக்கு வீடு உரிமையான பின், அண்டை நிலத்தின் மீதும் அவருக்கு ஓர் உரிமையுணர்வு தோன்றிவிடுகிறது. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அந்த மூன்று இடங்களும் நடுவயதினர் பலர் வாழ்ந்த பேட்டைகள். மறுத்தவர்களுள் பலருக்கு அவ்வசதி பதினைந்து, இருபது ஆண்டுகளில் தேவைப்படும். தாம் முதுமை எய்தப்போவதை மனிதர் எளிதில் நம்புவதில்லை. 'அவர்கள்' என்று படர்க்கையில் பேசுகிறோம், தன்மைப் பன்மை வருவதில்லை.

அரசு அவ்வாண்டிலேயே தாதிமை இல்லப் படுக்கைகளைச் சுமார் 9,000-இலிருந்து 2020-க்குள் 15,000-க்கும் மேல் உயர்த்தத் திட்டமிட்டது. இல்லத்தை அரசே கட்டி, நடத்தும் பொறுப்பைத் தொண்டு அமைப்புகளுக்கும் தனியாருக்கும் குத்தகையாகத் தரும் முறையும் நடைமுறைக்கு வந்தது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஆகும் பெருஞ்செலவு என்ற தடையை அது தணித்தது. 2017-இல் குடியேற்றம் தொடங்கிய கம்போங் அட்மிரல்டி மற்றொரு பாதையைக் காட்டியது. 104 மூத்தோர் வீடுகள், அவற்றின் கீழே மருத்துவ நிலையம், உணவங்காடி நிலையம், பாலர் பராமரிப்பு நிலையம் என எல்லாம் ஒரே கட்டடத்தில். அக்கம்பக்கத்தாருக்கும் பயன் தரும் ஒன்றாக முதியோர் குடியிருப்பை அமைத்தால் எதிர்ப்பு அடங்கும் என்பதற்கு அது சான்று. 2018 உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது அதற்குக் கிடைத்தது.

நான் குறிப்பிட்ட இடைப்பட்ட இடம் 2021-இல்தான் விற்பனைக்கு வந்தது. புக்கிட் பாத்தோக்கில் 169 சமூகப் பராமரிப்பு வீடுகள்; 65 வயதானோருக்கு; 15 முதல் 35 ஆண்டு வரை குத்தகை; வீட்டோடு பராமரிப்புச் சேவையும் சேர்ந்தே வரும். ஒவ்வொரு தளத்திலும் கூடிப் பேச ஒரு பொது இடம் உண்டு. 1984 அறிக்கைக்கும் இதற்கும் இடையே 37 ஆண்டுகள். 2010-இல் நம் குடியிருப்பாளர்களில் 9 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்திருந்தனர். 2020-இல் அது 15.2 விழுக்காடாயிற்று. 2030-இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் அவ்வயதை எட்டியிருப்பார். நாம் தாமதித்தாலும் முதுமை தாமதிக்கவில்லை.

'வெளிக்குப் போகணும்'

இனி என் குடும்பத்துச் செய்திக்கு வருகிறேன். என் தாயாரின் தமக்கை, எனக்குப் பெரியம்மா. அவர் கணவர் கடற்படைத் தளத்தில் கூலி வேலை செய்தவர். 1971-இல் உடன் வேலை செய்தோர் பலர் ஊருக்குப் போயினர், இவர்கள் போகவில்லை. பிள்ளைகளும் இல்லை. கணவர் மறைந்தபின் பெரியம்மா ஓரறை வாடகை வீட்டில் ஒரு சீன மூதாட்டியோடு தங்கினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய். பதினோர் ஆண்டுகள் அந்த அரைகுறை மொழியில் சண்டையிட்டும் சமைத்துப் பகிர்ந்தும் வாழ்ந்தனர். 82 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நினைவும் தடுமாறத் தொடங்கியது.

அப்போது நான் குடியிருந்த தளத்தில் மின்தூக்கி நிற்காது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு தாதிமை இல்லத்தில் பெரியம்மாவைச் சேர்த்தோம். என்னால் முடியவில்லை என்று அன்று சொன்னேன். முடியவில்லை என்பதற்கும் செய்யவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன் நான். என் வாக்கியம் எந்த வகை என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. 2012-இல் மறுத்தவர்களைக் கடிய மாட்டேன் என்றேனே, அதற்குக் காரணம் இதுதான்.

நினைவு தளரும்போது பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவுவதும், இளமையின் மொழி எஞ்சி நிற்பதும் பலரிடம் காணப்படும் நிலை. பெரியம்மாவிடமிருந்து மலாய் போயிற்று. சிறு வயதில் பேசிய தமிழ் மட்டும் நின்றது. இல்லத்துப் பணியாளர்கள் அன்பானவர்கள். ஆனால் தமிழ் அறியாதவர்கள். ஒருநாள் போனபோது அவர் கட்டிலை ஒரு மூலைக்கு மாற்றித் தடுப்புக் கம்பியையும் உயர்த்தியிருந்தார்கள். 'தப்பிச் செல்ல முயல்பவர்' என்று குறிப்பும் இருந்தது. அடிக்கடி 'வெளிக்குப் போகணும்' என்று அவர் கூவுவதாகவும், தொண்டூழியராக வந்த தமிழ் மாணவி ஒருத்தி அதை மொழிபெயர்த்துச் சொன்னதாகவும் கூறினர். வெளியே போக வேண்டுமாம்.

பெரியம்மா வெளியே போகக் கேட்கவில்லை. அவர் தலைமுறையின் பேச்சில் 'வெளிக்குப் போதல்' என்பது மலங்கழித்தலைக் குறிக்கும் இடக்கரடக்கல். கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுமாறு அவர் மன்றாடியிருக்கிறார். வாரக்கணக்கில் அந்த வேண்டுகோளுக்கு விடையாகத் தடுப்புக் கம்பி உயர்ந்தது. அம்மாணவி தமிழில் நல்ல தேர்ச்சி பெற்றவள். நாம் கற்பித்த தமிழில் அவள் தவறு செய்யவில்லை. நாம் கற்பித்த தமிழில் அந்தத் தொடர் இல்லை.

அன்றுதான் எனக்குத் தற்கிழமைக்கும் பிறிதின் கிழமைக்கும் வேறு விளக்கம் தோன்றியது. வீடு நம்மின் வேறானது என்று இலக்கணம் சொல்லும். முதியவர்க்கு அப்படியன்று. விளக்கின் விசை எங்கே என்று கை தானே அறியும் இடம், சொல்லின் குறிப்பைக் கேட்பவர் உணரும் இடம், அவருக்கு உடம்பின் ஒரு பகுதி. அதைவிட்டுப் பெயர்க்கும்போது உறுப்பு ஒன்றையே நாம் பெயர்த்தெடுக்கிறோம்.

நிலமும் நிதியும் குறித்த தடைகளை அரசும் வல்லுநர்களும் களைந்துவருகிறார்கள். அண்டை வீட்டாரின் அச்சம் மெல்லக் குறையும். மொழி என்னும் தடையைக் களைய வேண்டியவர்கள் நாம். ஆசிரியர்கள் வாய்மொழிப் பயிற்சியில் மூத்தோர் பேச்சுக்கு இடம் தரலாம். 'வெளிக்குப் போகணும்', 'கால் கழுவணும்', 'மேலுக்கு முடியலை', 'கண்ணைக் கட்டுது', 'நெஞ்சு கரிக்குது' போன்ற ஐம்பது தொடர்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை ஆங்கிலத்திலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி, ஒரு தாளில் அச்சிட்டுத் தாதிமை இல்லங்களுக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையங்களுக்கும் தரலாம். ஒரு வகுப்பு ஒரு தவணையில் முடிக்கக்கூடிய பணி இது. தொடர்களை எங்கே திரட்டுவது என்று மாணவர்கள் கேட்கலாம். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் தொடங்குங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாமல் எழுதுங்கள்.

என் பெரியம்மாவின் கட்டிலில் அன்று மாலையே அத்தகைய தாள் ஒன்றை ஒட்டினேன். அதில் ஏழு தொடர்கள் இருந்தன. மறுவாரம் போனபோது தடுப்புக் கம்பி இறக்கப்பட்டிருந்தது.